பதினோராம் நம்பர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கு ஒரு நாள், வராதவர்களுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். உத்திரமேரூர் பக்கம் மூன்று கன்னியாஸ்திரிகள் வந்து, ஒரு நெல் குடோனைக் கூட்டிப் பெருக்கிப் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளி அது. மூத்தவரான வெள்ளைக்கார மதருக்கு எங்கள் ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. முதல் நாள் வந்த பதினான்கு பேரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாராம். அதனால் பள்ளி தொடங்கிய நாள் விழாவில் அந்தப் பழைய ரிஜிஸ்டரைக் கோயில் சாமான் மாதிரி ஏந்திவந்து, ஒன்று முதல் பதினான்கு வரை கூப்பிடுவார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் எங்களில் ஒருத்தி எழுந்து, "உள்ளேன் சிஸ்டர்" என்பாள்.

ஆறாம் வகுப்பில் எனக்குப் பதினொன்று கிடைத்தது. இரண்டே வார்த்தைக்கு நான் செய்த அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. ஆடுமாடுகளிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அம்மா மட்டும் எத்தனாம் நம்பர் என்று இரண்டு தரம் கேட்டாள். நடவு வேலையை விட்டு வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்த மூவரில் அப்போது மிஞ்சியிருந்தவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான். அவர் ரிஜிஸ்டரைத் திறந்ததும் அத்தனை பெரிய ஹாலில் ஒரு சத்தமில்லை. "பதினொன்று" என்றார். நான் எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து, "உள்ளேன் சிஸ்டர்" என்று கேட்டது. அம்மா கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் பன்னிரண்டு வரவே இல்லை. என் வாய்ப்பைப் பறித்துவிட்டாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

விழா முடிந்ததும் அவரே பின்வரிசைக்கு வந்தார்.

"மூணு நாள்தான் வந்தே. அப்புறம் ஏம்மா வரல?"

"தம்பி பொறந்துட்டான் சிஸ்டர். இடுப்புல வச்சிக்கினு வந்தா வுடுவீங்களோ இன்னாவோன்னு நின்னுட்டேன்."

"தூக்கிட்டே வந்திருக்கலாமேம்மா."

சிஸ்டர் ரிஜிஸ்டரை அம்மாவின் மடியில் விரித்தார். நடுவில் நின்றுபோன மற்றவர்களின் வரியில் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. அம்மாவின் வரியில் கோடில்லை. மூன்று நாளுக்குப் பிறகு பக்கம் பக்கமாக, முழுப்பரீட்சை வரைக்கும் ஆப்சென்ட். அவள் ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அந்த விரல் போன நிதானத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அன்றைக்கு அப்படியொன்றும் சிலிர்க்கவில்லை. அம்மாவுக்கு இத்தனை ஆப்சென்ட்டா, கூடப்படிக்கிறவர்கள் பார்த்தால் மானம் போய்விடுமே என்று தாளைப் புரட்டி மூடத்தான் பார்த்தேன். நம்பரைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்த பிறகுதான் யாரும் ஆப்சென்ட் போடுவார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.