சுண்டுவிரலுக்கு எட்டாத புள்ளி

முப்பது வருஷம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் நான். அந்த மெஷினை முழுசாகப் புரிந்துகொண்டாயா என்று கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று முழிப்பேன்.

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஓர் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். இங்கிலீஷ் டைப்பில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன் என்ற திமிர் வேறு. மூன்றாம் மாதம் மேனேஜர் வந்து, இனிமேல் கடிதமெல்லாம் தமிழில்தான் என்று சொல்லி, என் இங்கிலீஷ் மெஷினைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு புதுத் தமிழ் மெஷினை மேஜையில் இறக்கினார். வருகிற பரீட்சையில் தமிழ் லோயர் பாஸ் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார்.

தமிழ்தானே, பிறந்ததிலிருந்து பேசுகிறதுதானே என்று பாடப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நானாகவே உட்கார்ந்தேன். அடி ஆத்தீ! முதல் நாளே தலை கால் புரியவில்லை. இடது கைக்கு ய ள ன க என்றது புத்தகம். ஏன் ய-வில் ஆரம்பிக்க வேண்டும், அ எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது? ஆபீஸில் டைப் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். புள்ளிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

க் எழுத வேண்டுமானால் நாம் என்ன செய்வோம்? க போட்டு அதன் தலையில் புள்ளி வைப்போம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். இந்த மெஷினில் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். தட்டினால் தாளைத் தாங்குகிற வண்டி நகராது, தாளில் வெறும் புள்ளி மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதற்குக் கீழே க-வைத் தட்டினால்தான் க். பிறக்காத பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. நான் பழக்க தோஷத்தில் எழுத்தை முதலில் தட்டுவேன். புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். எந்தப் புள்ளி எந்தத் தலைக்கு என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன்.

அது பழகியும் தீரவில்லை. புள்ளி இருந்தது வலது கைச் சுண்டுவிரலுக்கு. என் சுண்டுவிரல் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, சரியாக மடங்காமல் போனது. இங்கிலீஷில் அந்த விரலுக்கு வேலை கம்மி. தமிழிலோ புள்ளி இல்லாமல் ஒரு வரி நகராது. விரலைத் தூக்கி வைப்பதற்குள் மற்ற விரல்கள் நாலு எழுத்துத் தாண்டிவிடும்.

வீட்டில் அப்பா பூ மார்க்கெட்டில் தராசு பிடிப்பவர். ஆத்தூரில் அக்காவுக்கு மூன்றாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கணக்காகச் சொல்லிவிட்டார்: "பாஸானா ஆபீசு. இல்லைன்னா அக்கா வீட்டுக்குப் போயி புள்ளைகளப் பாத்துக்க." அக்கா மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எட்டு மணி நேரமும் யாரும் என்னை 'ஏ புள்ள, இதை எடு அதை எடு' என்று ஏவுவதில்லை. அதை விட்டுவிட மனசு வரவில்லை.

மேனேஜர் தைப்பூசத்துக்குப் பழனி போயிருந்த அன்று, ஆபீஸ் இரும்புப் பெட்டியின் பூட்டைச் சரிபார்க்க ஒரு பூட்டுக்காரர் வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணே, ஒரு கீ மாத்தணும்" என்றேன்.

"எந்தப் பூட்டுக்கும்மா?" என்று சாவிக் கொத்தை எடுத்துவிட்டார்.

டைப்ரைட்டரைக் காட்டினேன். ஐந்து நிமிஷம் அதைக் குனிந்து குனிந்து பார்த்தார். பல்லும் அரமுமாகவே வாழ்கிற மனுஷன். நாலு மாதமாக எனக்குப் புரியாதது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இந்தப் புள்ளிக் கம்பிக்கு மட்டும் ஒரு பல்லு இல்ல தாயி. அதான் வண்டிய நகத்த மாட்டேங்குது."

புள்ளியை நடுவிரலுக்கும், நடுவிரலில் இருந்த ம-வைச் சுண்டுவிரலுக்கும் மாற்றித் தரச் சொன்னேன். ஒரு கம்பியில் பல்லை ராவி எடுத்து, மற்றதில் பல் வைத்துப் பற்றவைத்து, எழுத்துகளை மாற்றி, மேலே இருந்த பொத்தான்களையும் கழற்றி மாற்றி மாட்டிவிட்டார். பார்த்தால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது போலிருந்தது. அடித்துப் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டே மாதத்தில் மெஷின் தடதடவென்று ஓடியது. மேனேஜர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பரீட்சை வேறு இடத்தில், வேறு மெஷினில் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஹால் டிக்கெட்டில் போட்டிருந்தது. தெரிந்தும் ஏன் உறைக்கவில்லை? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், விளங்கவில்லை. அந்த மெஷினை என் கை என்றே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. கை எங்கே போனாலும் கூடவே வருமே.

பரீட்சை ஹாலில் மணி அடித்தது. முதல் வரியில் 'மகன்' என்று அடித்தேன். தாளில் 'க்மன' என்று இருந்தது. ஒரு நிமிஷம் அது என்ன பாஷை என்றே தெரியவில்லை. ம வேண்டிய இடத்தில் புள்ளி, புள்ளி வேண்டிய இடத்தில் ம. நிதானமாக அடிக்கலாம் என்று பார்த்தேன். புத்தி ஒன்று சொன்னது, விரல் ஒன்று செய்தது. சுற்றிலும் எல்லா மெஷினும் மழை மாதிரி சத்தம் போட, நான் மட்டும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஆத்தூர்தான். அக்காவுக்கு ஆண் குழந்தை. வெந்நீர் போடு, துணி அலசு, சோற்றுக்குத் தொட்டுக்க வெஞ்சனம் என்ன இருக்கிறது பார். ஒரு மாதம் போயிருக்கும், மேனேஜரிடமிருந்து கார்டு வந்தது. உடனே வரவும் என்று எழுதியிருந்தார்.

போனேன். என் நாற்காலியில் என் வயதில் ஒரு பெண். லோயர் பாஸ் செய்தவள். கண் சிவந்திருந்தது. மேஜையெல்லாம் கசக்கிய தாள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எனக்குத் தெரிந்த அதே பாஷை.

"புள்ளியும் ம-வும் மாறிக் கிடக்கு சார். எத்தனை நாளா சொல்றேன்" என்றாள் அவள்.

மேனேஜருக்கு டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பி, "நீ இதுலதானம்மா ஜோரா அடிச்ச. மெஷின்ல எதும் கோளாறா?" என்றார்.

பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஒரு மத்தியானத்து வேலை. வாய்வரைக்கும் வந்தது. அடுத்த நிமிஷம் ஆத்தூர் பஸ் ஞாபகம் வந்தது.

"வந்ததுல இருந்தே அப்படித்தான் சார். பழகிக்கணும்" என்றேன்.

கடிதங்கள் தேங்கிக் கிடந்தன. அடுத்த பரீட்சை வரைக்கும் நீயே உட்கார் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள். வாசலில் நின்று என்னை மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உள்ள அந்தக் கம்பியில பத்தவச்ச தடம் இருக்கு. யாரு மாத்துனது?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்து தேங்கிய கடிதங்களைச் சாயங்காலத்துக்குள் அடித்து முடித்தேன். மேனேஜர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிழைகூட இல்லை.