நாலாம் ஞாயிற்றின் ஈர வட்டம்

என் நாட்குறிப்புகளில் மைக்கறை கிடையாது. எழுதும் இடக்கைக்கு அடியில் மையொற்றுத் தாளை வைத்துக்கொள்வது பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம்; இருபத்திரண்டு ஆண்டுக் குறிப்பேடுகளில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. ஆனால் ஒரே ஒரு பக்கத்தில், பாஸ்குத் திருநாளுக்கு முன் நோன்பிருக்கும் தபசு காலத்தின் நாலாம் ஞாயிற்றுக்கிழமையில், கண்ணாடிக் குவளையின் அடிப்பாகத்தின் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் அகப்பட்ட எழுத்துகள் நீலமாகக் கரைந்து, கடலுக்கு அடியில் கிடப்பவைபோலத் தெரியும். குவளையை அங்கே வைத்தவள் என் மனைவி.

அவளுடைய அண்ணன், என் மச்சான், பதினாறு வருடம் கப்பலின் மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்தின் காக்டெயிலைக் கேட்டாலும் கலந்து தருவார். ஒரு சொட்டும் குடிக்க மாட்டார். வங்காள விரிகுடாவில் ஒருமுறை புயலில் சிக்கியபோது, கரை சேர்ந்தால் இனி நாக்கில் மது படாது என்று நேர்ந்துகொண்டவர். எங்கள் ஊரான பினாங்கில் இறங்கியதும் படகேறி அக்கரைக்குப் போய், புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதன்பின் கப்பலில் ஒரு கோவாக்காரர் அவருக்காக ருசி பார்த்துச் சொல்வார். அந்த மனிதர் வேலையை விட்டு ஊருக்குப் போன வருடத்தில்தான், லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல் ஒன்றின் மதுக்கூடத்துக்குத் தலைமை ஆள் தேடினார்கள். ஆறு துறைமுகங்களின் ஆறு கலவைகளைச் செய்து காட்ட வேண்டும்; ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த வாரம் பரீட்சை. தேறினால் போய்விடுவார், திரும்புவது எப்போது என்று தெரியாது. தேறாவிட்டால் சூலியா தெருவில் கப்பல் சாமான் கடை ஒன்றில் அவருக்கு இடம் இருந்தது. தாய் தகப்பன் போன பிறகு என் மனைவிக்கு மிஞ்சிய ஒரே உடன்பிறப்பு அவர். அவள் அந்தக் கடைக்காக ஜெபமாலை சொன்னாள். அதை ஒளிக்கவும் இல்லை.

ஆண்டெல்லாம் வெயிலான ஊர்தான் இது. என்றாலும் மழை விட்டுப்போன அந்த மாதங்களில் கடலும் அசையாமல் கிடக்கும். தபசு காலமும் அப்போதுதான் வரும். என்னை ருசி பார்க்க வைத்துப் பழகிக்கொள்ள மச்சான் புட்டிகளோடு வந்து நின்றபோது அவள் வாசற்படியிலேயே மறித்தாள்.

“தபசு காலத்துல இந்த வாடை வீட்டுக்குள்ள வரக் கூடாதுண்ணே.”

நான் நாட்காட்டியை எடுத்தேன். விபூதிப் புதனிலிருந்து பெரிய சனிவரை நாற்பத்தாறு நாள். தபசு நாற்பது. மிச்சமுள்ள ஆறும் ஞாயிற்றுக்கிழமை. அவை தபசில் சேராதவை. இதைச் சொன்னதும் மச்சான் சிரித்துவிட்டார்.

“ஆறு ஞாயிறு, ஆறு துறைமுகம். ஆண்டவரே அட்டவணை போட்டுக் குடுத்திருக்காரு பாப்பா.”

“ஞாயிறு ஆண்டவரோட நாளா, ஐஸ் கட்டியோட நாளா?” என்றவள், என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குக் கழித்தல் தெரியாம இருந்திருந்தா எங்கண்ணன் இங்கயே இருந்திருப்பாரு.”

அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்குச் சத்தத்தைவிட வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது. பூசை முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு, சன்னல் பலகைகளைச் சாய்த்து மூடிவிடுவோம். தரையில் வெயில் கோடுகோடாக விழும். மரத்தூளும் சாக்கும் சுற்றி வந்த ஐஸ் கட்டியைத் துணியில் முடிந்து உடைப்பார். நிக்கல் பூசிய மூடிக் குவளையில் ஊற்றி, காதருகே வைத்துக் குலுக்குவார். குவளையின் மேல் பனி படரும். அப்போது சுவர்கள் விலகுவதுபோல இருக்கும். ஜின்னோடு லண்டன் வந்தது, விஸ்கியோடு நியூயார்க் வந்தது, ஷெர்ரியோடு யோகோகாமா வந்தது. தீவை விட்டு அக்கரைக்கு மேல் போகாத நான், ஒரு மிடறுக்கு ஒரு கடல் என்று தாண்டினேன். அளவுகளைக் கால் அவுன்ஸ் பிசகாமல் எழுதினேன். ருசி என்ற இடத்தில் மூன்று வாரமும் ‘நன்று’ என்றே எழுதியிருக்கிறேன்.

“மாப்ளே, உங்க நாக்கு ஆபீசு நாக்கு. எந்தக் காகிதம் வந்தாலும் முத்திரை குத்தி அனுப்பிடும்” என்பார் மச்சான்.

ருசி தெரிந்த நாக்கு அடுப்படியில் இருந்தது. கொதிக்கும் குழம்பின் வாசனையிலேயே உப்புக் குறைவைச் சொல்லிவிடுபவள் என் மனைவி. அவளைக் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

நாலாம் ஞாயிறு, பூசை வைக்கும் சாமியார் ரோஜா நிற அங்கி போடும் மகிழ்ச்சி ஞாயிறு. அன்று ஹவானா: ரம் இரண்டு அவுன்ஸ், எலுமிச்சைச் சாறு முக்கால், சீனிப்பாகு அரை. ஒரு மிடறு குடித்துவிட்டு ‘நன்று’ என்று எழுதினேன். மச்சான் கேலி செய்யவில்லை. காலியான மூடிக் குவளையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சூலியா தெருவுக்கே போயிடறேன்லா. அங்க கயிறும் தாரும்தான். ருசி பார்க்க ஒண்ணுமில்ல.”

நாலு வாரமாக அவள் வேண்டிக்கொண்டது அதுதான். அவள் சும்மா இருந்திருந்தால் போதும். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, என் கையிலிருந்த கண்ணாடிக் குவளையை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடினாள்.

“புளிப்பு தனியா நிக்குது, இனிப்பு தனியா நிக்குது. ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கண்ணே.”

“ரம்முல உப்பா?”

“எலுமிச்சைத் தண்ணியில போடறோம்ல? போட்டுத்தான் பாருங்களேன்.”

போட்டார், மறுபடி குலுக்கி ஊற்றினார். அவள் இன்னொரு மிடறு குடித்தாள். “இப்பச் சேந்துடுச்சு” என்று சொல்லி, எங்கே வைக்கிறோம் என்று பாராமல் குவளையைத் திறந்திருந்த என் நாட்குறிப்பின்மேல் வைத்தாள். நான் எடுக்கவில்லை. மச்சானும் எடுக்கவில்லை. குவளையின் வியர்வை ஒன்று சேர்ந்து தாளில் இறங்கியது. மிச்சமிருந்த இரண்டு ஞாயிறுகளில் ஆறு துறைமுகங்களையும் அவளே ருசி பார்த்துத் திருத்தினாள்.

மச்சான் தேறினார். பரீட்சை வைத்தவர் ஹவானாவை மட்டும் இன்னொரு குவளை கேட்டாராம். துறையில் கப்பல் சிறுத்துக்கொண்டே போனபோது அவள் அழவில்லை. “சாமியார்கிட்டச் சொல்லணும். நான் வேண்டினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு” என்றாள்.

கடிதங்கள் வருகின்றன; அவர் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாலாம் ஞாயிற்றில் அவளே ஒரு குவளை கலக்கிறாள். இரண்டு மிடறு அவளுக்கு, மீதி எனக்கு. இந்த வருடமும் சன்னல் பலகைகளைச் சாய்த்தோம். வெயில் தரையில் கோடுகளாக விழுந்தது. மேசையில் நாட்குறிப்பு திறந்திருந்தது, மை காயவில்லை. அவள் ஈரக் குவளையோடு வந்து, வைக்க இடம் தேடினாள். நான் மையொற்றுத் தாளை எடுத்துவிட்டு, பக்கத்தை அவள் பக்கமாக நகர்த்தினேன்.