காலியிடத்தை நிரப்பியவர்

எனக்கு வானத்தின் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. எண்பதுகளில் ஜவ்வாது மலையில், நட்சத்திரங்களைப் படமெடுக்கும் ஒரு நிலையத்தில், கணினியின் கர்னலை, அதாவது மற்ற எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் ஓடும் மூலப் புரோகிராமை, பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காகப் போனேன்.

கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு டைரக்டரி என்று பெயர். எங்கள் மேலதிகாரி அதில் கைவைத்திருந்தார். ஒரு கோப்பை அழித்தால், பின்னால் இருக்கும் பெயர்கள் நகர்ந்து அந்தக் காலியிடத்தை நிரப்பும். இடம் மிச்சமாம். படிக்கிற புரோகிராமோ சில பெயர்களை வாங்கிக்கொண்டு, எதுவரை வந்தோம் என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும். படிக்கும்போது வேறு யாரும் மாற்றாதபடி டைரக்டரிக்குப் போட்ட பூட்டை, அது அந்தப் பக்கம் போனதும் கர்னல் திறந்துவிடும். திரும்பி வருவதற்குள் முன்னால் ஒருவர் கழன்றுகொண்டால், ரேஷன் கடை வரிசை மாதிரி எல்லோரும் ஓரடி நகர்ந்திருப்பார்கள். எண் அதேதான், ஆள் வேறு. நடுவில் ஒருவர் கண்ணில் படாமலே போய்விடுவார்.

இதை மேலதிகாரியிடம் சொன்னேன். டைரக்டரி மாறியிருந்தால் எண்ணை நம்பாமல், கடைசியாகப் படித்த பெயரை முதலிலிருந்து தேடும்படி நாலு வரி எழுதியும் காட்டினேன்.

"படிக்கிற நேரத்துல எவன்யா அழிக்கப் போறான்?" என்றார்.

நாங்கள்தான் அழித்தோம். மலையில் காலையில் கொஞ்ச நேரம்தான் கரண்ட் ஒழுங்காக நிற்கும். அதற்குள் இரவு எடுத்த படங்களை டேப்பில் ஏற்ற வேண்டும், தற்காலிகக் கோப்புகளையும் கழிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஓடவிடச் சொன்னவரே அவர்தான். டேப் முடிந்ததும் டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்துவிடுவோம்.

சந்தவாசல் பக்கத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்திருந்தாள். ஒரு நட்சத்திரத்தை இன்னொன்று மறைக்கத் தொடங்குவதைப் படமெடுக்க வேண்டும். பல வருடத்துக்கு ஒருமுறைதான் அது நடக்கும். படம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் கல்யாணம் என்று வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். மேகம் விலகியது. படம் கிடைத்தது. காலையில் திரையில் எனக்குக் காட்டிச் சிரித்தாள். மதியம் பார்த்தால் டேப்பில் அந்த ஒரு படம் மட்டும் இல்லை.

நீ சரியாகச் சேமித்திருக்க மாட்டாய் என்று மேலதிகாரி அவளிடம் சொன்னார். அங்கேயே, அவர் முகத்துக்கு நேரே, பூட்டையும் எண்ணையும் விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஜீப் எங்கே என்று கேட்டபடி எழுந்து போனார்.

"திரும்ப எடுக்க முடியாதுங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"முடியாதும்மா."

"வூட்ல கேட்டா இன்னான்னு சொல்றது சார்?"



அடுத்த மாதம் என் நாலு வரி கர்னலில் ஏறியது, மேலதிகாரியின் பெயரில். வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்த திருத்தம் என்று அந்த வரிகளுக்கு மேலே குறிப்பு எழுதியிருந்தார். முதலிலிருந்து தேடினால் வேகம் குறையத்தான் செய்யும். அதைக் கேட்க ஆளில்லை.

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம். நான் போகவில்லை, மனசு ஆறவில்லை. மேலதிகாரி எங்கள் எல்லோர் சார்பாகவும் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனார். பந்தியில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னாராம்: "தங்கமான பொண்ணு. கொஞ்சம் கவனம்தான் பத்தாது."