எட்டாவது சுற்று

ஷட்டர் வேலையில் ஒரு சொல் உண்டு. பிடிச்சாச்சு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஷட்டருக்கு மேலே குறுக்காக ஒரு பைப் இருக்கும். அதில் ஸ்பிரிங் இருக்கும். பைப்பை முறுக்க முறுக்க ஸ்பிரிங் இறுகும், கதவு லேசாகும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும், பைப்பைப் பல்லால் கடித்துப் பிடிக்கிற ரிஞ்சு இரண்டு வேண்டும். ஒருவன் முறுக்கி நிறுத்துவான். மற்றவன் தன் ரிஞ்சைப் போட்டு இறுக்கிக்கொண்டு பிடிச்சாச்சு என்பான். அதற்கப்புறம்தான் முதல் ஆள் கையை எடுக்க வேண்டும்.

நானும் தங்கச்சி மாப்பிள்ளையும் பதினாறு வருடம் இப்படி வேலை பார்த்தோம். கடைசியாகப் பார்த்தது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாத்தியார் வீட்டுக் கார் ஷெட். மாப்பிள்ளை உயரமான மரக் கோக்காலி மேல் ஏறி நின்று முறுக்கினான். சுற்றுக்கு ஒரு கோடு சுவரில் பென்சிலால் போடுவது அவன் வழக்கம். ஏழு கோடு போட்டிருந்தான். எட்டாவது சுற்றுக்கு நான் பிடிச்சாச்சு என்றேன். பிடித்திருக்கவில்லை. என் ரிஞ்சின் பல் பைப்பைக் கடிக்கவே இல்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவன் நம்பிக் கையை எடுத்தான்.

ஸ்பிரிங் திருப்பி அடித்தது. பைப்பில் கிடந்த அவன் ரிஞ்சு சுழன்று வந்து நெற்றிப்பொட்டில் விழுந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். தங்கச்சியிடமும் அதையே சொன்னேன். அவளை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

அதற்கப்புறம் அந்தச் சொல் எங்கே போனாலும் கேட்டது. சோறு அள்ளும்போது கேட்கும். பஸ் கம்பியைப் பிடித்தால் கேட்கும். என் குரல்தான். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாத்தியார் போன் பண்ணினார்.

"வே, வேற எவனும் அந்த ஷட்டரத் தொட மாட்டேங்கான். ஆளத் தின்ன ஷட்டருங்கான். ஏறவும் மாட்டேங்கு, எறங்கவும் மாட்டேங்கு. கார் உள்ளேயே கெடக்கு. வீட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும். ஆட்டோ குலுக்கத்த அவ தாங்க மாட்டா. நீருதான் வரணும்."

வருகிறேன் என்றேன். கூட ஒரு ஆள் வேண்டுமே. தங்கச்சி வீட்டு நடையில் வைத்துத் தெரிந்த பையன் ஒருவனைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. ஆள விடும்" என்றான்.

தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வாரேன்."

"நீயா?"

"ஏன், வாழத்தார் சொமக்குத தோளு ரிஞ்சப் பிடிக்காதோ? அவரு முடிக்காமப் போன வேல. நான் வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. இருந்த காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

கதவு இடுப்பளவில் நின்றது. ஒரு பட்டை விலகி, ஓரத்துச் சேனலில் சிக்கியிருந்தது. அதைத் தட்டி நேராக்கினேன். சேனலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுரண்டி எடுத்துக் கிரீஸ் போட்டேன். கதவு இறங்கியது. தூக்கினால் கல்லாகக் கனத்தது. ஸ்பிரிங்கில் ஒரு முறுக்கு இல்லை. முதலில் இருந்து முறுக்க வேண்டும்.

ஆளுக்கொரு கோக்காலியில் ஏறினோம். சுவரில் ஏழு கோடும் அப்படியே இருந்தன. வாத்தியார் அழிக்கவில்லை.

"அவரு போட்டதா?" என்றாள்.

"ஆமா."

மொத்தம் பத்துச் சுற்று, எப்படிப் பிடிக்க வேண்டும், பிடித்த பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நான் முறுக்கினேன், அவள் பிடித்தாள். ஏழு சுற்று நல்லபடியாகப் போனது. எட்டாவது முறுக்கி நிறுத்தினேன்.

"பிடிச்சாச்சுண்ணே."

அவள் ரிஞ்சு கடித்திருந்தது. கண்ணால் பார்த்தேன். என் விரல் பிரியவில்லை.

"ஏண்ணே, கை மரத்துட்டா?"

"இல்ல."

"பின்ன என்ன? சார் பாத்துக்கிட்டு நிக்காவ. விடுண்ணே."

"அன்னைக்கு அவன் வழுக்கி விழல."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் பிடிக்கல. பிடிக்காமலே பிடிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். என்னய நம்பித்தான் விட்டான்."

அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. கை மட்டும் ரிஞ்சில் அப்படியே இருந்தது. நான் கையை எடுத்த பிறகு அவள் விட்டால் என் ரிஞ்சு சுழன்று என் மேலேதான் வரும். அது அவளுக்கும் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"என்னவே, முடிஞ்சிட்டா?" என்றார் வாத்தியார் கீழே இருந்து.

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு சார்" என்றாள். என் பக்கம் பார்க்காமல், "கைய எடு" என்றாள்.

எடுத்தேன். மிச்சச் சுற்றுக்கு அவள் பிடிச்சாச்சு சொல்லவில்லை. ரிஞ்சின் பல்லைப் பார்த்துப் பார்த்து நானே விட்டேன்.

போல்ட்டை இறுக்கினேன். கதவு ஒரு கையில் ஏறியது. ஓடாமல் கிடந்த காரின் பேட்டரிக்கு வாத்தியார் ஆள் கூப்பிடப் போனார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவள் முன்னால் போனாள். பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். இறங்கும்போது திரும்பவில்லை.

அவன் செத்த வருடம் அவள் வீட்டில் பொங்கல் இல்லை. அடுத்த தைக்குப் பொங்கல்படி கொண்டு போனேன். அண்ணன் கொடுக்கிற சீர் அது. தங்கச்சி வாங்க மறுத்தால் உறவு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். கரும்பு, அரிசி, வெல்லம், ஒரு சேலை. முன்பெல்லாம் தெரு முக்கில் என்னைக் கண்டதும் எதிரே வந்து வாங்குவாள்.

அன்று நடையிலேயே நின்றாள். கரும்பை வாங்கிச் சுவரில் சாத்தினாள். அரிசியையும் வெல்லத்தையும் வாங்கினாள். சேலைப் பையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அதையும் வாங்கினாள்.

"அடுத்த வருசம் சேல எடுக்காத. அரிசி போதும்" என்றாள்.

சரி என்றேன். உட்காரச் சொல்லவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.