அணைக்கக் கூடாத வண்டி

வாணலி அண்ணனை நான் முதலில் கண்டுபிடித்தது மூக்கால்தான். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி, பசியோடு அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். எண்ணெயில் எதையோ பொரித்தெடுக்கும் வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தேன். கடை எதுவும் இல்லை. ஒரு வீட்டு வாசலில் பழைய வெள்ளைக் கார் ஒன்று இன்ஜின் ஓட நின்றது. வாசனை அதன் புகைக்குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"தம்பி, சாப்பிட ஒண்ணும் கிடைக்காது. இது வாடகைக் கார்," என்றார் பக்கத்தில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர். "இந்த மாசம் ஏமாந்தவங்கள்ல நீங்க நாலாவது ஆளு."

உள்ளே ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ஒரு அடுப்பையும் டிக்கியில ஏத்திட்டா நெஜமாவே கடை போட்டுடலாம், மாப்பிள்ளை!"

"நீங்க கல்லாவுல உக்காருங்க அத்தை, நாளைக்கே போட்டுடறேன்."

தெருவே அவரை வாணலி என்றுதான் கூப்பிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்று நிமிடம் கழித்துத்தான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். வந்து நின்ற வண்டியை எதற்கு இப்படிச் சும்மா ஓடவிடுகிறார் என்று கேட்டேன். காரைத் திறந்து காட்டினார்.

வண்டிக்கு இரண்டு தொட்டிகள். ஒன்றில் டீசல். டிக்கியில் அவரே பொருத்திய இன்னொன்றில், சாப்பாட்டுக் கடைகள் பொரித்துவிட்டு வேண்டாமென்று விடும் எண்ணெய். அதை வீட்டுக்குப் பின்னால் பீப்பாய்களில் ஒரு வாரம் தெளியவைத்து, மனைவி வேலைசெய்யும் தையல் கம்பெனியின் துண்டுத் துணிகளில் நான்கு முறை வடிகட்டுவார். முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் குழாய்க் கடையில் வாங்கிய ஒரு கைப்பிடி. டீசலில் கிளம்பி, இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் கைப்பிடியைத் திருப்பினால் எண்ணெய் ஓடத் தொடங்கும். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயில் இருக்கும் எண்ணெய் முழுவதையும் எரித்து முடிக்க வேண்டும்.

"இல்லேன்னா?" என்றேன்.

"உள்ளேயே உறைஞ்சி உக்காந்துக்கும். அப்புறம் நீங்க கெஞ்சினாலும் எழுந்திருக்காது."

நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் என் வேலையே திரவங்களின் பாகுத்தன்மையை அளப்பதுதான். எந்த எண்ணெய் எந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டியாகும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீப்பாயில் ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்தார். "இது பாமாயில் கலந்தது. குளிருக்கு ஆகாது," என்றார். மறுநாள் கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அன்றிலிருந்து அவருடைய மாமியாருக்கு நான் 'டிகிரி தம்பி' ஆனேன்.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. மகள் காலை ஷிஃப்டுக்குப் போய்விடுவதால் மருமகன்தான் கூட்டிப்போக வேண்டும். வெறும் டீசலில் ஓட்டினால் வாரம் இரண்டு முறைக்குத்தான் கட்டுப்படியாகும். மூன்றாவது முறைக்காகத்தான் அவர் எண்ணெய்க்கு மாறினார். 'டிரைவர் பயலுக்குப் பொண்ணு தரமாட்டேன்' என்று இரண்டு வருஷம் பிடிவாதம் பிடித்த மாமியார் அவர். இன்று அந்த டிரைவரின் பின் இருக்கையில், மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்து போகிறார். அவருக்கு எப்போதும் குளிரும்.

என் அலுவலகம் அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல்தான் நான் இந்த ஊரில் அறை எடுத்திருந்தேன். எனக்குக் காலை முறை வரும் வியாழக்கிழமைகளில் அவர்களோடு போய்விடுவேன்.

நான் சொல்ல வந்தது ஒரு வியாழக்கிழமையைப் பற்றி. அதற்கு முந்தைய செவ்வாயன்று ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகி, எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, அத்தைக்கு ரத்தம் சுத்தமாகி ஐந்து நாள். ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து குடித்தும் கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகம் உப்பியிருந்தது. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"இன்னிக்கு விட்டா சனிக்கிழமை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் போன்ல சொல்லிட்டார்," என்று அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். எட்டு மணிக்கு அத்தையின் முறை. எட்டேகாலுக்குள் வராதவரின் படுக்கை காத்திருப்பவருக்குப் போய்விடும்.

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். கடும் குளிர். கொஞ்ச தூரம் போய் இன்ஜின் சூடேறியதும் கைப்பிடியை எண்ணெய்க்குத் திருப்பினார். அந்த வாரம் கிடைத்தது முழுக்கப் பாமாயில் கலந்ததுதான். டீசல் தொட்டியில் கிளம்பவும் நிறுத்தவும் போதுமான அளவே இருந்தது.

ஏழு மணிக்கு ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டிகள் வரிசையாக நின்றன. போலீஸ் சோதனை. வாடகை வண்டிகளில் கலப்பட எரிபொருள் ஓடுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்களாம். ஒரு காவலர் ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இன்ஜினை நிறுத்து."

அண்ணன் கைப்பிடியை டீசலுக்குத் திருப்பினார். "சார், ஒரு மூணு நிமிஷம். நிறுத்திடறேன்."

"நிறுத்துன்னா நிறுத்தணும். அதென்ன மூணு நிமிஷம்? முகூர்த்தம் பாக்குறியா?"

"இல்ல சார், வண்டி அப்படி. உடனே நிறுத்தினா மறுபடி கிளம்பாது. பின்னாடி பேஷண்ட் இருக்காங்க சார்."

காவலர் மூக்கை உறிஞ்சினார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். இரண்டாவது தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னய்யா இது?"

"சமையல் எண்ணெய் சார். கடையில பொரிச்சு மிச்சமானது."

"என் காதுல பூ சுத்தறியா?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். படித்தவன் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். கீழே இறங்கி, நிமிர்ந்து நின்று, "சார், நான் கெமிஸ்ட்ரி கிராஜுவேட். இதுல சட்டவிரோதமா எதுவும் கலக்கல. நானே லேப்ல டெஸ்ட் பண்ணியிருக்கேன்," என்றேன்.

காவலர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "ஓஹோ. கெமிஸ்ட்ரியா? அப்ப கலக்கிக் கொடுக்கறது நீதானா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். காவலர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி உருவி எடுத்துக்கொண்டார். இன்ஜின் நின்றது. கைப்பிடியைத் திருப்பி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. காவலர் சாவியையும் வண்டிப் புத்தகங்களையும் என் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பாலத்தின் மறுமுனையில் ஜீப்பில் இருந்த அதிகாரியிடம் நடந்தார்.

நாங்கள் நின்றோம். ஆற்றுக் காற்று முன்மூடியின் இடுக்கு வழியாக இன்ஜினுக்குள் புகுந்துகொண்டிருந்தது. அண்ணன் தன் சட்டையைக் கழற்றி, எண்ணெய் வடிகட்டியின் மேல் சுற்றிக் கட்டினார். பனியனோடு நின்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்போல் இருந்தது.

"டிகிரி தம்பி," என்றார் அத்தை உள்ளேயிருந்து. "வாயை... வாடகைக்கு விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"சரி விடு. படிச்ச பிள்ளை... பேசாம இருக்க முடியாது." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அதிகாரி வர ஏழரை ஆனது. வயதானவர். தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். அத்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சாவியைக் குடுத்து அனுப்புய்யா," என்று காவலரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவ்வளவுதான்.

அண்ணன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகியது. எடுக்கவில்லை. இரண்டாவது முறை முனகல் இன்னும் மெலிந்தது. பேட்டரி பழையது. மூன்றாவது முறைக்கு அவர் துணியவில்லை. முன்மூடியைத் திறந்து, டீசலைக் கையால் தள்ளும் ரப்பர் குமிழை அமுக்கினார். அது கல்லாக இருந்தது.

"வடிகட்டியில அடைச்சிடுச்சு. சூடு வேணும்." பாலத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். தண்ணீர் காய்ச்ச ஒரு கடைகூட இல்லை. வேறு வண்டி ஏதாவது நிற்குமா என்று நான் கையைக் காட்டினேன். சோதனை முடிந்த அவசரத்தில் எல்லாம் பறந்தன. காவலர் அவராகவே ஒரு லாரியை நிறுத்தினார். முன்பக்கம் ஏற்கெனவே நான்கு பேர். அவ்வளவு உயரத்துக்கு அத்தையைத் தூக்கி ஏற்றவும் முடியாது.

"மாப்பிள்ளை."

அத்தை போர்வைக்குள்ளிருந்து வெந்நீர்ப் பையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம் அத்தை. உங்களுக்குக் குளிரும்."

"செத்துட்டா... குளிரே இருக்காது. கொண்டுபோய் வை."

அண்ணன் அதை வாங்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினார். வடிகட்டியைச் சுற்றி வெந்நீர்ப் பை, அதன்மேல் சட்டை, சட்டையின்மேல் அவருடைய இரண்டு கைகள். நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி அத்தையின் கால்களில் சுற்றினேன். கால்கள் சில்லென்றிருந்தன. உள்ளே மூச்சு, குழாயில் காற்று அடைத்துக்கொண்டதுபோல் இரைந்தது. காவலர் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். "இப்ப அமுங்குது," என்றார் அண்ணன். குமிழ் முதலில் கால் அங்குலம், பிறகு அரை அங்குலம் இறங்கியது. முப்பது தடவை, நாற்பது தடவை அமுக்கினார். பேட்டரியை நம்ப முடியாது. பாலத்தின் இறக்கம் முன்னால் இருந்தது.

"தள்ளணும்."

நான் ஒரு பக்கம். கேட்காமலே காவலர் மறுபக்கம் வந்து தோள் கொடுத்தார். வண்டி நகர்ந்து, இறக்கத்தில் வேகம் பிடித்தது. அண்ணன் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல். ஒன்றுமில்லை. இறக்கம் முடிய முப்பது அடிதான் இருந்தது. மறுபடி விட்டார். வண்டி தும்மியது, இருமியது, வெள்ளைப் புகையைக் காவலரின் முகத்தில் கக்கிவிட்டு உயிர் பிடித்தது.

"ஓடு, ஓடு, ஏறு!" என்று காவலர்தான் என்னைத் தள்ளிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நின்றபோது எட்டு இருபத்தாறு. அத்தையின் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். ஊசி குத்தியாகிவிட்டது.

நர்ஸ் வாயைத் திறந்து திட்டப் போனவர், அத்தையின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். "அவசரத்துக்குன்னு ஒரு மெஷின் இருக்கு. தயார் பண்ண நேரமாகும். டாக்டர் வந்து பார்த்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாலும் சொல்வார். வண்டியை ரெடியா வச்சுக்குங்க."

அண்ணன் வெளியே ஓடினார். நான் அத்தையோடு இருந்தேன். நாற்பது நிமிடம். மருத்துவர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நர்ஸிடம் ஏதோ சொன்னார். அத்தையை உட்காரவைத்திருந்த சக்கர நாற்காலி அசைந்தபோது அது வாசல் பக்கம் திரும்புமா உள்ளே போகுமா என்று பார்த்தபடி நின்றேன். உள்ளே போனது. ஒன்பது பத்துக்கு ரத்தம் குழாயில் சிவப்பாக ஓடத் தொடங்கியது.

அலுவலகத்துக்குப் போய், பரிசோதனைகளை முடித்து, ஒரு மணிக்குத் திரும்பி வந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் காவலாளி கத்திக்கொண்டிருந்தார். "நாலு மணி நேரமா ஓடுதுய்யா! அணைச்சுத் தொலையேன்!"

இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடி டீசல் பக்கம். மிச்சமிருந்தது தீரவும், எதிரிலிருந்த பெட்ரோல் பங்க்கிலிருந்து கேனில் இரண்டு தடவை வாங்கி ஊற்றியிருக்கிறார். பனியனோடு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எப்பவோ மெஷின்ல போட்டுட்டாங்களே. நர்ஸ் வந்து சொல்லலையா?"

"சொன்னாங்க தம்பி." என்னைப் பார்க்கவில்லை. "கை வரல."

இரண்டு மணிக்கு அத்தை நடந்தே வந்தார். முகத்தின் உப்பல் வடிந்திருந்தது. ஜன்னலில் குனிந்து, "மாசம் பூரா மிச்சம் பிடிச்சதை ஒரே நாள்ல புகையா விட்டுட்டீங்களே, மாப்பிள்ளை," என்றார். பிறகு முன்கதவைத் திறந்து, முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. வாணலி அண்ணன் இப்போதும் அதே வெள்ளைக் காரைத்தான் ஓட்டுகிறார். பாமாயில் எடுப்பதில்லை. பேட்டரி புதிது. பாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே கைப்பிடியை டீசலுக்குத் திருப்பிவிட வேண்டும்; திருப்புவது முன் இருக்கையில் இருக்கும் அத்தையின் வேலை. வண்டியில் இரண்டு வெந்நீர்ப் பைகள் இருக்கின்றன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். வியாழக்கிழமைகளில் நான் பின் இருக்கையில் இருக்கிறேன்.