சிஸ்டர் கார் பழகியது

திண்டுக்கல்லில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே, "எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ரொம்ப ஈஸி, பயப்படாதீங்க" என்பேன் நானும். ஒரு நர்ஸ் வந்து பழகிப் போன பிறகுதான் அப்படிச் சொல்வதை விட்டேன்.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வத்தலக்குண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை. எல்லோரையும்போல நானும் சிஸ்டர் என்றே கூப்பிட்டேன். கணவருக்குப் பார்வை மங்கி, வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வீட்டுக் கார் உறை போட்டபடி நின்றது. "டிரைவர் வச்சுக்கலாம், இந்த வயசுல உனக்கெதுக்கு?" என்று கணவர் கேட்டாராம்.

"அதான் மறுநாளே வந்துட்டேன்" என்றார் சிஸ்டர்.

நேர் ரோட்டில் நன்றாகவே ஓட்டினார். ஒரு நாள் காலையில் ரயில்வே மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது முன்னால் போன பஸ் நின்றது. இவரும் நிறுத்தினார். மறுபடி எடுக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகி, வண்டி பின்னால் உருண்டது. பின்னால் லாரி. கற்றுக்கொடுப்பவருக்கென்று என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சிஸ்டர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. கடைசியில் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"நீங்களே எடுங்கம்மா. என்னால ஏலாது."

இடம் மாறி உட்கார்ந்து, பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். "இது ஈஸிதான் சிஸ்டர்" என்றேன், பழக்கதோஷத்தில்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஈஸியானதே வரலைன்னா, நான் எம்புட்டுப் பெரிய மக்கு?"

ஆறுதல் என்று நினைத்து இத்தனை வருடமாக அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், "கைக்குழந்தைக்கு ஊசி போட நரம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இப்ப விரல் வச்சாலே தெரிஞ்சிரும். ஆரம்பத்துல எங்க தெரிஞ்சுச்சு? பிள்ளை அழும், அது அம்மா அழும், நான் பாத்ரூம்ல போய் அழுவேன். வேலையை விட்டுறலாம்னுகூட நெனைச்சேன்."

"அப்புறம் எப்ப வந்துச்சு?"

"எப்பன்னு சொல்லத் தெரியலம்மா. எங்க தப்புது, எங்க தப்புதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நா பாத்தா கைக்கு வந்திருச்சு." சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

"மேட்டுல எடுக்கிறது கஷ்டம்தான் சிஸ்டர். நாளைக்கு அதை மட்டும் பழகுவோம்" என்றேன்.

சிறுமலை போகும் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனேன். வண்டி நின்றுபோகும்போதெல்லாம், "இப்ப என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். "கிளட்ச்சைச் சட்டுன்னு விட்டுட்டேன்" என்பார். மறுபடி எடுப்பார். அந்த வாரமே மேடு பிடிபட்டுவிட்டது.

ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டார். டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஃபெயில் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சிஸ்டர் பஸ் ஏறிப் போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "பின்சக்கரத்தைப் பாக்காம ஸ்டியரிங்கைச் சீக்கிரமே ஒடிச்சுட்டேன். இன்னிக்கு ரிவர்ஸ் மட்டும் பாப்பமா?" என்றார். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டு, பதிலோடு வந்திருந்தார். எனக்கு அன்று அதிக வேலை இருக்கவில்லை.

அடுத்த டெஸ்டில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். இப்போது வத்தலக்குண்டுக்கு அவரே ஓட்டிப் போய் வருகிறார். போன மாதம் கடைவீதியில் பார்த்தேன். கணவர் பக்கத்து சீட்டில், மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு இன்னும் நம்பிக்கை வரலம்மா" என்றார் சிஸ்டர். "வரும். கொஞ்ச நாளாகும்."