சத்தியம் வேண்டாம், சிலாப்பைத் தூக்குங்கள்

சட்டசபைப் பதவியேற்பைத் தொலைக்காட்சியில் காட்டினால் என் கணவர் ரிமோட்டை எடுத்து ஒளித்துவைத்துவிடுவார். நான் திட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். ஒருவர் 'கடவுளறிய' என்பார். அடுத்தவர் 'உளமார' என்பார். இன்னொருவர் நடுவில் தன் கட்சித் தலைவரின் பெயரைச் செருகிவிட்டு, சரியாகப் படியுங்கள் என்று சொல்லப்பட்டு, மறுபடி முதலிலிருந்து படிப்பார். ஆனாலும் அதில் ஒரு நல்லது உண்டு. எந்தப் புத்தகத்தின் மேலும் கை வைக்கச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட விரும்பாதவர் கூப்பிடாமலே உறுதி சொல்லலாம். நாடாளப் போகிறவருக்கே அவ்வளவு போதும். தலத்தெருப் பக்கம் எங்கள் நகரில் சாக்கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு மட்டும் அது போதவில்லை.

எங்கள் நகர் வயலைத் தூர்த்துப் போட்ட மனை. நெல் விளைந்த இடம் என்பதைத் தண்ணீர் இன்னும் மறக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் தெருவில் நிற்கும் வெள்ளம் முழுவதும் ஒரே ஒரு வடிகால் வழியாக ஓடி, பின்னால் இருக்கும் வாய்க்காலில் விழ வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் முதலில் தண்ணீர் புகுவது எங்கள் பக்கத்து வீட்டில். அந்த வீடுதான் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவரை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் பேர்.

லாத்தாவின் கணவர் இளமை முழுவதையும் துபாயில் போட்டுவிட்டு, வீட்டைக் கட்டி முடித்த கையோடு பக்கவாதத்தில் விழுந்தவர். மாடியில் நல்ல காற்றோட்டமான அறை இருக்கிறது. ஆனால் படிக்கட்டு குறுகல், அவரை ஏற்ற முடியாது. கீழ் அறையில்தான் கட்டில். மழைக்காலம் வந்ததும் லாத்தா கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்குவார். தண்ணீர் உள்ளே வந்தால் அந்த மனிதர் பேச வராமல், திரும்பிப் படுக்கவும் முடியாமல், தரையில் ஏறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தக் கண்களை ஒரு தடவை பார்த்தவர்கள் மழை பெய்தால் கவிதை எழுத மாட்டார்கள்.

இதற்காகத்தான் லாத்தா நலச்சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். வேறு எந்த ஆசையும் இல்லை. வடிகாலை வருஷா வருஷம் தூர் வார வேண்டும், அவ்வளவுதான். எதிரில் நின்றவர் முனை வீட்டுக்காரர், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிடுவார். பெண்கள் பெரும்பாலும் லாத்தா பக்கம் என்று தெரிந்ததும், வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை போட்டார். ஜெயிக்கிறவர்கள் அவரவர் வேத நூலின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து பதவி ஏற்க வேண்டும். சம்மதிப்பவர்கள் மட்டும் போட்டியில் இருக்கலாம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழுந்தன.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கள் பக்கத்தில் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் செய்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. கோயில் வாசலில் கற்பூரத்தை அணைப்பார்கள், ஆத்திரம் வந்தால் பிள்ளை தலையில் அடிப்பார்கள். கீதையெல்லாம் சினிமாவில் வரும் கோர்ட்டில் பார்த்தது. அதோடு சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா விவசாயி. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி வெட்டி எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். பஞ்சாயத்தில், யார் கற்பூரத்தை அணைக்கிறார்களோ அவர்களுக்கே அந்த நிலம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அணைக்கவில்லை. 'உண்மைக்குச் சத்தியம் பண்ணுனாலும் வம்சத்துக்கு ஆகாது' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வயல்காரர் பட்டென்று அணைத்துவிட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார். அவர் வம்சத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பேரன் கார் வைத்திருக்கிறான். சாமிக்குப் பயப்படுகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், பயப்படாதவர் நீட்டுவார். இந்த ஒரு கணக்கு எங்கள் ஊருக்குப் புரியவே இல்லை.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவில் பந்தல் போட்டு நடந்தது. மேஜையில் குத்துவிளக்கும் பூத்தட்டும் இருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் கீதை, பைபிள், குர்ஆன் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. லாத்தா பந்தலுக்குள் வந்ததும் முதல் காரியமாக முந்தானையால் பிடித்துக் குர்ஆனை அடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். கீதையையும் பைபிளையும் எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தார். ஆட்கள் உட்காரும் நாற்காலியில் அவற்றை வைத்திருக்கிறோமே என்று மற்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"லாத்தா, நீங்க சம்மதம்தானே?" என்று டைல்ஸ் கடைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நான் ஒளு இல்லாம வந்துருக்கேங்க" என்றார் லாத்தா. குர்ஆனைத் தொடுவதற்கு முன் கை கால் முகம் கழுவிச் சுத்தம் செய்துகொள்வதை அவர்கள் ஒளு என்பார்கள்.

"குழாயில தண்ணி வருது, செஞ்சுட்டு வாங்களேன்" என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

லாத்தா சிரிக்கவில்லை. "ஓதுறதுக்குத் தொடுவேன், பதவிக்குத் தொட மாட்டேன். நேத்து நடந்ததைக் கேட்டீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லலாம். நாளைக்கு நடக்கப்போறது அந்த நாயன் கையில இருக்கு. அதுக்கு நான் எப்புடிங்க சத்தியம் பண்றது? இன்ஷா அல்லா, வடிகாலைத் தூர் வாராம விடமாட்டேன். என் வார்த்தை அவ்வளவுதான்."

"மடியில கனம் இல்லன்னா வழியில என்னாங்க பயம்?" என்றார் அவர், அதே சிரித்த முகத்தோடு.

நான் எழுந்தேன். "சட்டசபையிலயே புத்தகம் கேக்கல. நீங்க யாருங்க கேக்குறதுக்கு?"

"டீச்சர், சட்டசபை ஒழுங்கா இருந்தா நம்ம தெரு ஏங்க இப்புடிக் கெடக்குது?" கைதட்டல் அவருக்குத்தான். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் எனக்கு ஆதரவாக வாயைத் திறந்தார். "பிரான்சுலல்லாம் மேரா, அதான் மேயரா வர்றவன் தோள்ல பட்டை போட்டுக்குவான். புஸ்தகம் எதையும் தொட மாட்டான்" என்றார். சொல்லிவிட்டு, சத்தியம் வேண்டுமா என்று கை தூக்கச் சொன்னபோது அவரும் கையைத் தூக்கினார். இப்படி ஒரு ஆதரவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

லாத்தா விலகிக்கொண்டார். போட்டியில்லாமல் ஜெயித்தவர் கீதையின் மேல் கை வைத்தார். புதுக் கீதை, கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மற்றப் பதவிகளுக்கு வந்தவர்களில் பைபிளுக்கும் குர்ஆனுக்கும்கூடக் கை வைக்க ஆட்கள் கிடைத்தார்கள். எல்லா மதத்திலும் தாராளமாகக் கிடைப்பார்கள். மாலைக்குள் படங்கள் குழுவில் வந்துவிட்டன. 'லாத்தா பயந்துட்டாங்க, என்னமோ இருக்கு' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இருபது வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள், அதே லாத்தாவைப் பற்றித்தான் இப்படிப் பேசினார்கள்.

ஆனி மாதம் புதுத் தலைவர் கார் வாங்கினார். கார் வீட்டுக்குள் ஏற வேண்டும் என்று தன் வாசலில் வடிகாலின் மேல் சிமெண்ட் சிலாப்புகளைப் போட்டு மூடினார். அடியில் பைப் விட்டிருப்பதாகச் சொன்னார். தூர் வாரும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சத்தியம் செய்தவரிடம் போய் எப்படிக் கேட்பது?

ஐப்பசியில் கேட்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட ஒரு காலையில் லாத்தா போன் செய்தார். "டீச்சர், இவங்க கட்டிலுக்குக் கீழ ரெண்டாவது செங்கல் முழுவுது." நான் ஓடினேன். அறையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். வடிகாலை ஒட்டியே நடந்து பார்த்தால், தலைவர் வீட்டு சிலாப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குளமாக நிற்கிறது, அந்தப் பக்கம் தரை தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

குடையும் மழைக்கோட்டுமாக ஆட்கள் கூடினார்கள். தலைவர் போர்டிகோவுக்கு வந்தார். "நான் வடிகாலை அடைக்கலைங்க. கீதை மேல கை வெச்சவன் நான். வேணும்னா மறுபடியும் வைக்கிறேன்" என்று உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தார். இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருந்தது. பெரியவர் ஓடிப்போய் அதற்குக் குடை பிடித்தார். புத்தகம் நனையக் கூடாதாம். நாலு வீடு தள்ளி ஒரு மனிதர் தண்ணீருக்கு நடுவில் கட்டிலில் கிடக்கிறார், இங்கே உறை போட்ட புத்தகத்துக்குக் குடை. அந்தக் காட்சியை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

சத்தியம் செய்து முடித்துவிட்டு அவர் லாத்தா பக்கம் திரும்பினார். "நேத்து நடந்ததுக்குப் பண்ணலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இது நேத்து நடந்ததுதானே. என் சிலாப்பாலதான் தண்ணி நிக்குதுன்னு குர்ஆனைத் தொட்டுச் சொல்லுங்க, ஒத்துக்குறேன்."

எல்லாரும் லாத்தாவைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவள்தான் சாட்சிக்கு அல்லாவைக் கூட்டிவர வேண்டும்.

"குர்ஆன் பரண் மேல பத்திரமா இருக்கு, அதை இறக்க மாட்டேன்" என்றார் லாத்தா. "சத்தியம் வேணாங்க. சிலாப்பைத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. "அவருதான் சாமி மேல சொல்லிட்டாருல்ல? அதுக்கு மேல தூக்கிப் பாத்தா சாமியவே நம்பாத மாதிரி ஆயிடும்மா" என்றார் குடை பிடித்த பெரியவர். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை. நம்மிடம் பதவி வாங்கியவரை நாம் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்குத்தான் நடுவில் சாமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தேன். "உனக்கு எதுக்குடி இந்த வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டே என் கணவரும் பின்னால் வந்து ஒரு கை கொடுத்தார். ஓரத்து சிலாப்பு எழும்பியது. அடியில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு பைப், அதன் வாயில் சிமெண்ட் சாக்கு, சாக்கு நிறைய உடைந்த டைல்ஸ். போர்டிகோ தரையில் இருந்த அதே பச்சை நிறம். லாத்தா குனிந்து வெறும் கையால் சாக்கை இழுத்தார், விரல் கிழிந்து ரத்தம் வந்தது. தண்ணீர் பெரிய சத்தத்தோடு உள்ளே இறங்கியது. மத்தியானத்துக்குள் கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்தது.

இனி அவரால் தலைநிமிர முடியாது என்று நான் நினைத்தேன். எனக்கு வயது ஏறியதே தவிர அறிவு ஏறவில்லை. "நான் அடைக்கலைன்னுதானே சொன்னேன்? கொத்தனாரு அடைச்சுருக்கான், எனக்கு எப்புடித் தெரியும்?" என்றார் தலைவர். "அதானே பாத்தேன், பொய்ச் சத்தியம் பண்ற ஆளா அவரு!" என்று கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. சத்தியம் பிழைத்துக்கொண்டது. மாட்டிக்கொண்டது அங்கே இல்லாத கொத்தனார். மறு வாரமே சிலாப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இந்த முறை கடப்பாரை நுழையாதபடி இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

இந்த வருஷக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுபோனேன். பதவிக்கு வருகிறவர் எந்தப் புத்தகத்தையும் தொட வேண்டாம். மழைக்கு முன்னால் ஒரு நாள் தெருவே நின்று பார்க்க, எல்லா சிலாப்பையும் தூக்கிக் காட்டினால் போதும். பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல யோசனைதான் டீச்சர். ஆனா சத்தியம் பண்ற மனுசனை இப்புடிச் சந்தேகப்படுறது மரியாதையா இருக்காது" என்றார். தீர்மானத்துக்கு என் கையும் லாத்தாவின் கையும் எழுந்தன. சற்றுப் பொறுத்து, என்னை முறைத்துக்கொண்டே, என் கணவரும் கையைத் தூக்கினார். பிறகு குத்துவிளக்கை ஏற்றினார்கள். தலைவர் மறுபடி கீதையின் மேல் கை வைத்தார்.

நானும் லாத்தாவும் ஒன்றாகத்தான் திரும்பி நடந்தோம். நான் வழி முழுவதும் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் கிழக்கே கடல் பக்கம் கறுத்திருந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று கேட்டார்.

"டீச்சர், ஒங்க வீட்டுல செங்கல் மிச்சம் கெடக்கா?"